கை வைக்காத இருபது நாள்

கைரேகைக் கருவியின் கண்ணாடியில் மூன்று முறை வைத்தும் ஆர்த்தியின் விரல்கள் பதியவில்லை. பின்லாந்தில் உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கே தங்கிப் படிக்க மாணவர் குடியிருப்பு அனுமதி வேண்டும். அதற்குக் கைரேகை வேண்டும். பள்ளி, கல்லூரி விடுமுறைகளில் எல்லாம், முந்தின நாள்வரைக்கும், பழவேற்காடு ஏரியின் சேற்றைத் துழாவி இறால் பிடித்த விரல்கள் அவை. சிப்பி கிழித்து, உப்பு அரித்து, நுனிகள் வழவழவென்று இருந்தன.

"தண்ணியில கை வைக்காம இருபது நாள் கழிச்சு வாம்மா. தோல் வளந்துடும். அதுதான் கடைசி, அதுக்குமேல தேதி இல்ல," என்றார் சென்னை விண்ணப்ப மையத்து அம்மாள்.

அம்மா இருசம்மாள் அன்றே பாத்திரம் தேய்க்கும் வேலையைப் பிடுங்கிக்கொண்டாள். அவளோடு வரிசையாக நகர்ந்து இறால் தடவும் பெண்களுக்கும் சேதி போயிற்று. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கரையேறும்போது ஒவ்வொருத்தியும், பல்லில் கவ்விவந்த பனையோலைப் பறிக்கூடையிலிருந்து ஆர்த்தியின் பங்காக ஒரு பிடி இறாலை இருசம்மாளின் பறியில் போட்டுவிட்டுப் போனாள். சோற்றுத் தூக்குகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருந்த ஆர்த்திக்குக் கூச்சமாக இருந்தது.

"இன்னாடி, மகாராணி மாரி குந்திகினு கீறே?" என்று தினமும் சீண்டுவாள் ஜெயம்மா. பெரிய பிடியும் அவளுடையதுதான்.

பத்தொன்பதாம் நாள் காலை அந்த ஜெயம்மா தண்ணீரில் நின்று அலறினாள். கெளுத்தி மீனின் முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். ஆர்த்தி ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு வெகுநாள் வருந்தினாள். இடுப்பளவு நீரில் இறங்கி, துள்ளும் மீனை அழுத்திப் பிடித்து முள்ளை இழுத்தாள். மீனின் இன்னொரு முள் அவளுடைய வலது கட்டைவிரலைக் கீறிவிட்டது.

"அடிப்பாவி, நாளிக்கு ரேகை வெக்கணும்டி! என் கை கெடக்குது, ஒன் கைய எதுக்குடி உள்ள வுட்ட?"

"கம்முனு வா அத்தே. மொதல்ல கரைக்கு வா."

கரையேறியும் ஜெயம்மா தன் கையைப் பார்க்கவில்லை. முந்தானையைக் கிழித்து ஆர்த்தியின் விரலைச் சுற்றினாள். "கன்னியம்மா, கன்னியம்மா" என்று தங்கள் தெய்வத்தை அழைத்து உதடு அசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மையத்தில் அதே அம்மாள். இடது கை பதிந்தது. வலது கையின் நான்கு விரல்களும் பதிந்தன. கட்டைவிரலுக்குத் திரை சிவந்தது.

"என்னம்மா இது, அவ்வளவு சொன்னேனே?"

ஆர்த்தி நடந்ததைச் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். துணியால் கண்ணாடியைத் துடைத்தார்.

"வலிக்கும். பொறுத்துக்கோ."

ஆர்த்தியின் கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஓடியது. இருவரும் திரையையே பார்த்து நின்றார்கள்.