ஆறு மணிச் செய்தி

சாயங்காலம் ஆறு மணியானால் ராஜபாளையத்தில் நாலைந்து தெருக்காரர்கள் கைப்பேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பாண்டிதுரையின் ‘இன்றைய நிலவரம்’ வரும் நேரம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடாமல் நின்ற அந்தக் கொரோனா வருஷத்தில், டிவி சொல்லாததையும் பாண்டிதுரையின் வாட்ஸ்அப் குரூப் சொல்லிவிடும் என்று பேர்.

செராக்ஸ் கடை வைத்திருந்த பாண்டிதுரை கெட்டவன் இல்லை. ஊரடங்கில் கடையை மூடியதும் சும்மா இருக்க மாட்டாமல்தான் குரூப்பைத் தொடங்கினான். காய்கறி வண்டி எந்தத் தெருவுக்கு வருகிறது, கபசுரக் குடிநீர் எங்கே ஊற்றுகிறார்கள், காய்ச்சல் முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று ஒன்று விடாமல் போடுவான். முடியாதவர்களுக்கு அரிசிப் பையைத் தானே பைக்கில் கொண்டுபோய் இறக்கியும் இருக்கிறான். அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

பரிசோதனை மையம் ஒன்றில் தற்காலிக வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன் அவனுக்கு இருந்தான். யார் யாருக்குப் பாசிட்டிவ் என்பது மத்தியானமே அவன் மூலம் வந்து சேர்ந்துவிடும். பாண்டிதுரை அதைப் பேர், தெரு, கதவு எண்ணோடு லிஸ்டாகப் போட ஆரம்பித்தான். மறு வாரமே குரூப்பில் இருநூற்றைம்பத்தாறு பேர் நிறைந்து, இனி ஆள் சேர்க்க முடியாது என்று வாட்ஸ்அப்பே கையை விரித்துவிட்டது. யாராவது வெளியேறினால் அந்த இடத்துக்குச் சிபாரிசோடு ஆள் நின்றது. ஊருக்கு உபகாரம் செய்கிறோம் என்று பாண்டிதுரைக்கு உள்ளூர ஒரு பெருமை.

மில் தொழிலாளி சுப்புராஜின் பேர் அப்படித்தான் வந்தது. மறுநாள் முதல் பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். குழாயடியில் சுப்புராஜின் மனைவி வைத்த குடத்தைக் குச்சியால் தள்ளிவிட்டார்கள். சுப்புராஜ் குணமாகித் திரும்பி இருபது நாளாகியும், முடி வெட்டப் போனால் “பொறவு வாங்க” என்றுதான் பதில். இதெல்லாம் பாண்டிதுரையின் காதுக்கும் வந்தது. எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் மனைவி மாரீஸ்வரி ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் போட்டாள். பிறகு டப்பாவையே மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல மணமே வரலையே. பழசப் பார்த்து வாங்கிட்டு வந்துட்டீகளோ?”

முன்வாசல் வரைக்கும் பெருங்காயம் நெடியடித்தது. பாண்டிதுரை எழுந்து உள்ளே வந்தான். மணம் தெரியாமல் போவது எதன் அறிகுறி என்று படம் போட்டுக் குரூப்பில் விளக்கியதே அவன்தான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், கொதித்தது.

“முகாமுக்குப் போயி டெஸ்ட் எடுத்துட்டு வந்துருவோமா?” என்றாள் மாரீஸ்வரி.

“சும்மா இருட்டி. டெஸ்ட் எடுத்தா லிஸ்டுல நம்ம பேரையும் போடணும். போட்டா ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா? சாதாக் காய்ச்சலாத்தான் இருக்கும். ரெண்டு நாள்ல இறங்கிரும்.”

உள்ளூரில் மாத்திரை வாங்கினால் தெரிந்துவிடும் என்று தளவாய்புரத்துக்குப் பைக்கில் போனான். காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்கள் பேரும் எண்ணும் எழுத வேண்டும் என்று மருந்துக் கடைக்காரர் நோட்டைத் தள்ளினார். பாண்டிதுரை ‘முத்துக்குமரன்’ என்று எழுதி, வாய்க்கு வந்த பத்து எண்களைப் போட்டான். ஊரார் பேரைத் தினமும் ஒளிக்காமல் போட்டவனுக்குத் தன் பேரை ஒளிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் இருமல் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் குரூப்பில் ஒருத்தர் கேட்டிருந்தார்: ‘அட்மின் வீட்டில் இருமல் சத்தம் கேக்குதாமே, நிஜமா?’

பாண்டிதுரை உடனே ‘வதந்தி பரப்புவோர் நீக்கப்படுவர்’ என்று போட்டுவிட்டு, கேட்டவரை நீக்கினான். அந்த இடத்துக்கு ஐந்து நிமிஷத்தில் வேறு ஆள் வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஜன்னல்களைச் சாத்தினான், டிவி சத்தத்தைக் கூட்டினான். மாரீஸ்வரி தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமினாள். தெருவில் ஏதாவது வண்டி நின்றால் போதும், நம் வீட்டுக்குத்தான் வந்துவிட்டார்களோ என்று அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஐந்தாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வரும் செல்வலட்சுமி, முகக்கவசமும் கையில் நோட்டுமாக நின்றாள்.

“அண்ணே, வீட்ல யாருக்கும் காய்ச்சல், சளி இருக்கா?”

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்கோம்.” கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பிடித்திருந்தான்.

டிவியை மிஞ்சிக்கொண்டு உள்ளே இருமல் கேட்டது. செல்வலட்சுமி நோட்டில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள்.

“இப்படித்தான் மேலத்தெரு சமுத்திரம் அண்ணாச்சியும் கதவப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. நாலு நாளும் நல்லாருக்கோம்னாரு. நானும் எழுதிக்கிட்டுப் போனேன். முந்தாநாளு ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதே மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் போயிச் சேருறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பாண்டிதுரைக்கு அந்தச் சாவு தெரியாது; குரூப்பிலும் யாரும் போடவில்லை. “அவர் பேர் லிஸ்டுல வரலையே” என்று பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“வந்துரக் கூடாதுன்னுதானே கதவச் சாத்துனாரு. சுப்புராஜ் அண்ணன் வீட்டுக்கு ஆனது நமக்கும் ஆகும்னு பயந்தாராம். அவிய வீட்டு அக்கா தரையில உருண்டு அழுதாக. ‘கொரோனாவுக்குப் பயப்படலம்மா, அந்த ஆறு மணிச் செய்திக்குல்ல பயந்துட்டாரு’ன்னு.”

அதற்குள் மாரீஸ்வரி சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என்னால முடியலங்க. பேர் போனாப் போயிட்டுப் போகுது, எனக்கு மூச்சு வேணும்” என்று விரலை நீட்டினாள். செல்வலட்சுமி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாத எண் எண்பத்தெட்டில் நின்றது.

அரைமணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அத்தனை ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருக்க, மாரீஸ்வரியை ஏற்றினார்கள். பாண்டிதுரை கூட ஏறப் போனபோது வேண்டாமென்று தடுத்து, வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திரும்பிய பிறகு அவன் தரையில் உட்கார்ந்தான். சமுத்திரம் போனதும் இதே ரோடுதான் என்ற நினைப்பு விடவே இல்லை. கைப்பேசி ஒவ்வொரு தடவை அடித்தபோதும் எடுக்கப் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு டாக்டர் பேசினார். “ஆக்சிஜன் வச்சிருக்கோம். நாளைக்குக் கொண்டுவந்திருந்தீங்கன்னா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது. இப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது, ரெண்டு நாள் பார்க்கணும்.”

அன்று ஆறு மணிக்கு அவன் இப்படி எழுதினான்: ‘என் மனைவி மாரீஸ்வரி மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஐந்து நாள் மறைத்தது நான்தான். சமுத்திரம் அண்ணாச்சி மறைத்ததற்கும் நான்தான் காரணம். சுப்புராஜ் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி இந்தக் குரூப்பில் யாருடைய பேரும் வராது. முகாம் நடக்கும் இடமும் உதவிக்கு அழைக்கும் எண்ணும் மட்டுமே வரும்.’

பேர் இல்லாத செய்தி எதற்கு என்று அறுபது பேர் உடனே வெளியேறினார்கள். சமுத்திரத்தின் வீட்டிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை.

மறுநாள் காலை செல்வலட்சுமி வாசலுக்கு எட்டவே நின்று பேசினாள்.

“நேத்து வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு வீட்லகூடக் காய்ச்சல்னு சொன்னதில்லண்ணே. இன்னைக்கு மூணு வீட்ல அவியளே கூப்பிட்டுச் சொல்லுதாக.”

மூன்று வீடு. இத்தனை நாளாக அந்த வீடுகளில் யார் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு கிடந்தார்களோ. யாரென்று பாண்டிதுரை கேட்கவில்லை.

“பால், காய்கறி எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லும்மா. கடைக்குப் போன் போட்டு உன்கிட்டயே குடுக்கச் சொல்லுதேன். யாருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம்.”

“இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ணே,” என்றாள் செல்வலட்சுமி. “நோய் வந்தவுக பேரை ஊருக்குச் சொன்னா நோய் போயிராது. வீட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். ஒளிஞ்சிருக்க நோய்தான் ஆளக் கொல்லுது. நம்மள ஒதுக்க மாட்டாகன்னு தெரிஞ்சாத்தான் யாரும் வாயத் திறந்து சொல்லுவாக.”

பிறகு நோட்டைப் புரட்டி, பேனாவைத் திறந்தாள். “சரி, உங்களுக்கு எப்படி இருக்கு?”

பாண்டிதுரை இரு பக்கமும் பார்த்தான். எதிர் வீட்டு ஜன்னலில் ஆள் நின்றது. தொண்டையைத் தடவிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

“நேத்துலருந்து தொண்டை வலிக்கு. உடம்பும் காயுது. எழுதிக்கோம்மா.”