மலையேறிய ஆறு

அன்று மலைச்சாலையின் முதல் திருப்பத்தில் இருந்தவர்கள்: மதகுக்காரி, காலையில் அவளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மூக்குக்கண்ணாடிக்காரர், அவருடைய அம்மா, மதகுக்காரியின் அண்ணன், பிறகு ஆறு. ஆறு கொஞ்சம் பின்தங்கி, சாலையின் ஓரமாக, எதிரே வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டபடி மேட்டில் ஏறி வந்தது. தண்ணீர் மேடேறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் எல்லோரும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கீழே பள்ளத்தாக்கில் நான்கு ஊர்கள் காய்ந்துகொண்டிருந்தன. பேச வேண்டியது அதுதான்.

தலைமதகைக் காலையில் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. அவள் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், திறந்த தண்ணீருக்கு முன்னால் நடந்தாள். சருகு, ஒடிந்த கிளை, யாரோ மறந்துபோன வாளி என்று வழியில் கிடப்பதை ஓரமாக எடுத்துப் போட்டுக்கொண்டே கடைசி ஊர் வரை போவாள். யாரும் நடக்கச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நடை பிடித்திருந்தது. வருஷங்கள் போகப் போக, அவள் பின்னால் வருவதுதான் தன் வேலை என்று ஆறு எடுத்துக்கொண்டது. செருப்பு வார் அறுந்து அவள் குனிந்தால் ஆறும் நிற்கும். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லாததால் விட்டுவிட்டார்கள்.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்குப் பார்வை மங்கியது. ஆற்றைக் கடைசி ஊரில் விட்டுவிட்டு, பிற்பகல் பஸ்ஸில் மலைக்கு அந்தப்பக்க நகரத்துக்குப் போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். பிறகு ஃபிரேம் தளர்கிறது என்று சொல்லிப் பலமுறை போனாள். கடைக்காரர் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். அதுவரை சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவாள் என்று ஆறு சும்மா இருந்தது. கல்யாணத்தன்று அவள் கையில் பெட்டி இருந்தது. மாமியாருக்கு மலைத் திருப்பங்களில் வண்டி ஒத்துக்கொள்ளாது என்பதால் எல்லோரும் நடந்தார்கள். ஆறும் கரையை விட்டு எழுந்து நடந்தது.

"நீ போறது சரி. ஆத்தையும் சீதனமா தூக்கிட்டுப் போவியா?" என்றான் அண்ணன்.

"நான் கூப்பிடலண்ணே."

"கூப்பிடாமலே வருதில்ல? அப்ப நீ இறங்கு. நாலு ஊரு என்ன மண்ணையா குடிக்கும்?"

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இன்னும் சாப்பிடக்கூட இல்லை. கடையை இங்கே மாற்றிவிடலாமா என்று புருஷன் மெதுவாகக் கேட்டார்.

"இங்க யாருடா கண்ணாடி வாங்குவா? எல்லாரும் மலையத்தான் பாக்குறாங்க. அது பெருசாத்தான் தெரியுது" என்றார் அம்மா. இந்தக் கல்யாணமே அவருக்குப் பிடிக்கவில்லை.

வேறு யாராவது முன்னால் நடந்தால் வருகிறதா என்று பார்த்தார்கள். அண்ணன் மாடு பத்துவதுபோலக் கத்திக்கொண்டு நடந்தான். ஆறு அசையவில்லை. கண்ணாடிக்காரர் நடந்தபோது மரியாதைக்குக் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டது. கடைசியில் அவளே எழுந்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு தலைமதகுக்கு இறங்கி, பழைய வழியிலேயே நடக்க ஆரம்பித்தாள்.

நல்ல வெயில், சுடாத வெயில். முதல் ஊரில் கல்சுவர்களின் இடுக்குகளில் பெரணி முளைத்திருந்தது. கதவுகள் எல்லாம் நீலம், ஆனால் எந்த இரண்டும் ஒரே நீலம் இல்லை. மாமியார் ஒவ்வொரு கதவுக்கும் நின்றார். அடுத்த ஊரில் கொடிகளில் துணி தாழ்வாகத் தொங்கியது; ஆறு தலையைக் குனிந்து ஒரு முனைகூட நனையாமல் அடியில் புகுந்து போனது. "அட, பாத்தியா அத! என் மருமகளுக்கு இந்தப் பதமான கை வரட்டும்" என்று மருமகள் காதுபடவே சொன்னார். மரப்பாலத்தில் நின்று கீழே பார்த்தார். பேரிக்காய் மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். மாவு மில் இருக்கும் மூன்றாவது ஊருக்கு வந்தபோது, "இதெல்லாம் இத்தன நாளும் இங்கயேதான் இருந்துச்சா?" என்று யாரோ தன்னிடமிருந்து ஒளித்து வைத்ததுபோலக் கேட்டுவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார்.

மதகுக்காரி கொஞ்சம் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தண்ணீர் இல்லை. ஆறு மாமியாரின் கல்லைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டிருந்தது. அவர் எழுந்து நடந்ததும் அதுவும் நடந்தது. மதகுக்காரியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவள் விரும்பியதுதான் நடந்தது, இருந்தாலும் ஆனது.

"இந்த வேலைக்கு விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணுங்க" என்றான் அண்ணன் மாமியாரிடம், சந்தேகமாக.

"எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் இத்தன வருஷமா எந்திரிச்சிட்டிருக்கேன், தம்பி. மாடியில உக்காந்தா எதிர்வீட்டுச் சுவருதான். அதுக்கு இது தேவல."

அதன்பிறகு கடைசி ஊருக்குத் தண்ணீர் மத்தியானம்தான் வந்து சேர்கிறது. புது மதகுக்காரி வழியில் நிற்காத இடம் இல்லை. முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு துணி துவைப்பதை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். உண்மைதான்.

கல்யாணத்தன்று சாயங்காலம், கடைசி ஊரில் நின்ற அண்ணனின் வண்டியில் எல்லோரும் தலைமதகுக்குத் திரும்பினார்கள். மதகு வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவள் காட்டினாள். அடுப்பைக் காட்டினாள், சருகு வாரியைக் காட்டினாள், மதகுச் சக்கரம் மழைக்காலத்தில் எந்தப் பக்கம் சிக்கும் என்று சொன்னாள். சொன்னதையே திரும்பவும் சொன்னாள்.

"போதும் போ. அவன் வெளிய நிக்கிறான் பாரு, பசி தாங்க மாட்டான்" என்றார் மாமியார்.

"அத்தை, அது சில நாள் பின்னாடி வராம அடம்பிடிக்கும். அப்ப திட்டாதீங்க."

"உன்னயே திட்டல. போற வழியில நின்னு நின்னு திரும்பிப் பாக்காத, அது குழம்பிடும்."

அவள் வாசற்படி இறங்கினாள். ஆறு படியோரமாகக் கிடந்தது, தலை வீட்டுப் பக்கம். அவள் அதைத் தாண்டிப் போனாள். அது அசையவில்லை. அவளுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது, உள்ளிருந்து பூட்டில் சாவி திரும்பியது.