சுவர் பார்க்க வந்தவர்

புனிதன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்கையறைச் சுவருக்கு இரண்டாவது தடவையாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஆறு மாதமாகக் கட்டிலுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஏறி நின்ற கறுப்புப் பூசணம் முதல் தடவையிலேயே அமுங்கிவிட்டது. பிளீச் ஊற்றித் தேய்த்ததில் விரல் நுனிகள் எரிந்தன. செம்பனைக் குலை வெட்டுகிற கைக்கு அதெல்லாம் ஒரு எரிச்சலா?

பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் வருகிறார்.

கூடத்தில் மகள் ரோகினி ஆஸ்துமா பம்ப்பை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அம்பாங்கானில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த இழுப்பு. சுவர்ப் பூசணம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதும், மனைவி புஷ்பவள்ளி வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்ல வைத்திருந்தாள். அவள் பேக்டரியில் ஓவர்டைம் முடிந்து இன்னும் வரவில்லை.

முன்பு குடியிருந்த லாபு எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீடுகளைப் பார்க்க ஆபீஸ் கிராணி வருகிற நாளென்றால், விடியுமுன்னே எழுந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால், "மாட்டுக் கொட்டாயா இது?" என்று கத்துவார். லயத்தை இடித்து மூன்று வருஷமாகிவிட்டது. புனிதனுக்குப் பழக்கம் போகவில்லை.

"வாங்க சார், வாங்க."

வீட்டுக்காரர் சிவரூபன் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார். ரோகினியின் தலையைத் தொட்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க பூசணம்?"

"இங்கதான் சார். நேத்துவரைக்கும் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு சுத்தமாக்கிட்டேன்."

சிவரூபன் சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. "அதைப் பார்க்கத்தானே நான் வந்தேன்?"

புனிதன் சிரித்து வைத்தான். பாராட்டுகிறாரா கோபப்படுகிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

"ஜன்னல் திறக்கிறதில்லையா?"

"திறந்தா லொங்காங் சாக்கடை நாத்தம் சார். கொசு வேற."

"துணியை உள்ளேயே காயப் போடுறீங்க. சாம்பிராணி வேற. ஈரம் எங்க போகும்? சுவர் என் பொறுப்பு, சரி. உள்ள இருக்கிற காத்து உங்க பொறுப்புலா. அக்ரிமெண்ட்ல இருக்கு."

காற்றுக்கும் சேர்த்தா கையெழுத்துப் போட்டோம்? அந்த இங்கிலீஷ் காகிதத்தில் அவன் எழுத்துக்கூட்டித் தன் பேரைத்தான் போட்டிருந்தான். பூசண நாற்றம் போகத்தான் சாம்பிராணி போட்டார்கள். இவர் சாம்பிராணியால் பூசணம் என்கிறார். எது முந்தி, எது பிந்தி என்று அவனுக்குக் குழம்பியது.

சிவரூபன் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். புனிதன் ஓரமாகப் பிரஷ்ஷோடு சிரித்தபடி விறைப்பாக நின்றான்.

அப்போதுதான் புஷ்பவள்ளி வந்தாள். சுவரைப் பார்த்தாள். புருஷன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"சார், இதுக்குப் பின்னாலதான் குளியலறை பைப்பு. உள்ளுக்குள்ள ஒழுகுது. உடைச்சுப் பாருங்க சார்."

"நல்லா இருக்கிற சுவரை எதுக்கு உடைக்கணும்? மறுபடி வந்தா படம் அனுப்புங்க."

கார் கிளம்பியதும் அவள் திரும்பினாள்.

"பூசணத்தைக் காட்ட ஆளைக் கூப்பிட்டா, நீ அதுக்குப் பவுடர் பூசி உட்கார வச்சிருக்கியேய்யா!"

"வர்ற மனுசனுக்கு அழுக்கையா காட்டச் சொல்ற?"

"ஆமா! அழுக்கத்தான்!"

வியாழக்கிழமை சாயங்காலம் புனிதன் வேலை முடிந்து வந்தபோது, வெள்ளைக்கு அடியிலிருந்து கட்டில் ஓரமாக மிளகு சிந்தினாற்போலப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. ரோகினிக்கு முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி, ஏற்கெனவே படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

போன் முனகியது. அவள் படித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"ஞாயிறு நல்லா இருந்த சுவர். நாலு நாள்ல என்ன பண்ணீங்க?"

அதற்குக் கீழே படம். பால் மாதிரி சுவர். ஓரத்தில், கிராணிக்கு முன்னால் நிற்பதுபோல முதுகை நிமிர்த்தி, கையில் பிரஷ்ஷோடு புனிதன் சிரித்துக்கொண்டிருந்தான்.