தூ லேயின் அம்மா

அகதி முகாம் வாசலில் மூங்கில் தடுப்பைத் தூக்கிவிட்ட காவல்காரன் மழைக்கோட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தான்.

"என்ன ஸேர் மூவோட அப்பா, மறுபடியும் கதை பொறுக்க வந்தாச்சா?"

சா லா சே கையை உயர்த்திவிட்டு நடந்தான். பக்கத்துக் குழாயடியில் வரிசை நின்றது. அதிலிருந்த ஒருத்தி அவனைக் கண்டதும், கேன் பாதிகூட நிறையாமல் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள். அவளைத் தேடித்தான் வந்திருந்தான்.

வியாழக்கிழமை வெளிநாட்டு வக்கீல்கள் வருகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாவின் தே கொ லூ ஊரில், பதினான்கு பேரைத் தேவாலயத்துக்குள் வைத்துப் பூட்டித் தீயிட்டபோது உத்தரவு கொடுத்தவனின் முகத்தைப் பார்த்துவிட்டு உயிரோடு வந்து சேர்ந்தவள் நா மூ கே ஒருத்திதான். அவள் கையெழுத்து இல்லாமல் வழக்கு இல்லை. போன வருடம் இவன் எழுதிய மனித உரிமை அறிக்கைக்காக நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் இவனிடம் சொன்னவள், ஆறு மாதமாக எந்தத் தகவலுக்கும் பதில் அனுப்பவில்லை.

கால்கள்மேல் நின்ற தன் மூங்கில் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். ஏணியின் கீழே நின்றவனைப் பார்த்தாள். 'சோறு தின்னாச்சா' என்று கேட்கவில்லை. கரேன் இனத்தார் வீட்டில் பகையாளியிடம்கூட அதைக் கேட்பார்கள்.

"அக்கா" என்றான்.

"அப்படிக் கூப்பிட எனக்கு ஒருத்திதான் இருக்கா. அவளே இப்ப கூப்பிடறதில்ல."

மழையிலிருந்து ஒதுங்க அவன் தானாகவே இரண்டு படி ஏறினான். பாக்குப் பொட்டலத்தைத் தரையில் வைத்தான். உலக்கை நிற்கவில்லை.

"வியாழக்கிழமை வக்கீலுங்க வர்றாங்க. ஒரு கையெழுத்து மட்டும் போதும். உங்க பேரை எங்கயும் போட மாட்டோம். போன தடவையும் மாத்தித்தானே போட்டேன்?"

"மாத்தினியே. நா மூ கேன்னு இருந்ததை நா தா வான்னு மாத்தின. வாத்தியாரே, நா மூ கேன்னு ஒருத்தி இருக்கான்னு எங்க ஊர்ல யாருக்குத் தெரியும்? என் புருஷனுக்கே யோசிச்சாத்தான் வரும். மூத்தவன் பொறந்த நாள்ல இருந்து நான் தூ லேயோட அம்மா."

அவனுக்கு அறிக்கையின் மூன்றாம் பக்கம் மனப்பாடம். 'சாட்சி தன் மகன் தூ லேயை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.' நல்ல வாக்கியம் என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். அவன் ரங்கூனில் வளர்ந்தவன். அங்கே பள்ளியிலும் ரேஷன் கடையிலும் ஆளுக்கு ஆள் சொந்தப் பேர்தான். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்தான்.

"நீ போட்டதை ராணுவத்தோட சேந்த மிலிஷியாக்காரன் போன்ல படிச்சிருக்கான். நேரா பக்கத்து ஊருக்குப் போயி, தூ லேயோட அம்மாவுக்கு இங்க யாரு சொந்தம்னு கேட்டான். ஒரு பிள்ளை என் தங்கச்சி வீட்டைக் காட்டிச்சு. அவளைப் பதினோரு நாள் பிடிச்சு வச்சிருந்தானுங்க."

"திரும்பி..."

"வந்தா. என்ன பண்ணானுங்கன்னு சொல்லல. போன்ல என் குரலைக் கேட்டா வச்சிடறா. இதையும் எழுதிக்க. உனக்குத்தான் நல்லா எழுத வருமே."

அடுத்த வீட்டுத் தட்டிக்குப் பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. அவன் மன்னிப்புக் கேட்டான். கேட்ட விதம் அவனுக்கே பிடிக்கவில்லை. பிறகு, தீயிட உத்தரவு கொடுத்த அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்திருப்பதைச் சொன்னான். அது அவளைத் தைத்தது. உலக்கையைச் சாய்த்து வைத்தாள்.

"சரி. கையெழுத்துப் போடறேன். ஒண்ணு செய்யி. எம் பிள்ளை பேர் இருந்த இடத்துல உம் பிள்ளை பேரை எழுது."

"என்னக்கா?"

"உனக்குப் பொண்ணு இருக்கா இல்லியா? அது பேரை எழுது. நான் எங்கேன்னு தேடி வர்றவன் அந்தப் பேரைச் சொல்லிக் கேக்கட்டும். உன் அண்ணன் தம்பி ரங்கூன்லதானே இருக்காங்க?"

இருந்தார்கள். ஒரு அண்ணன், அம்மா, தெருவே தெரிந்த வீடு.

அவன் வாக்குமூலப் படிவத்தை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தான். அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சற்று நின்றது. பிறகு எழுதினான்: 'நா எ பா.' பத்து வருடமாகப் பொய்ப்பெயர் சூட்டிப் பழகிய கை. எழுத்து கோணவில்லை.

அவள் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"ஸேர் மூன்னு இல்ல காவல்காரன் கத்தினான்? நான் குழாயடியிலதானே நின்னேன்."

அவன் பேனாவை மூடினான்.

"பொய்ப் பேர் வைக்க உனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். எம் பிள்ளைக்கு மட்டும் அது தோணல."

படிவத்தை நான்காக மடித்துப் பாக்குப் பொட்டலத்தின்மேல் வைத்து, இரண்டையும் காலால் ஏணிப்பக்கம் தள்ளினாள். ஒருவர் பக்கம் காலை நீட்டவே கூசுகிறவர்கள் அவர்கள்.

"உம் பொண்ணு பத்திரமா இருக்கட்டும். சாபம் எதுவும் விடல. எறங்கு."

உலக்கை மறுபடி விழத் தொடங்கியது. மிளகாய் நெடி ஏணிவரை வந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். எடுக்காமல் வந்திருக்கலாம் என்று பாதி வழியில்தான் தோன்றியது.

மழை விட்டிருந்தது. வாசலில் கூட்டம். ஆற்றைத் தாண்டி அன்று காலை வந்தவர்கள், மூட்டைகளோடு பதிவுக்காக நின்றார்கள். அதில் பாதிப்பேரை யாருக்கும் தெரியாது.

"என்ன ஸேர் மூவோட அப்பா, அதுக்குள்ள கெளம்பியாச்சா?" காவல்காரன் கூட்டத்துக்கு மேலாகச் சத்தம் போட்டான். நாலைந்து தலைகள் திரும்பின.

சா லா சே அவனை நெருங்கித் தணிந்த குரலில் சொன்னான்: "இனிமே என் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

காவல்காரன் தடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தான்.

"அஞ்சு வருஷமா வர்றீங்க. உங்க பேர் என்ன?"