வாசலிலேயே வேண்டாம் என்பது

“கவர்ல அனுப்புறவர் பேரை யார் வேணாலும் எழுதலாமாம்மா?” என்று மகள் முன்பொரு நாள் கேட்டாள்.

“எழுதலாம்டி. ஆனா அது திரும்பி வந்தா, பாவம், அந்தப் பேர்க்காரர் தலையிலதான் விழும்.”

அப்படிச் சொன்னவளே இன்று அந்தப் பாவத்தைத் தெரியாமல் செய்திருந்தாள். அலுவலகத்தின் மெயில் சர்வர் அவள் பொறுப்பு. எல்லாருக்கும் அவள் தபாலம்மா. ஓய்வு பெற்றவர்களின் பழைய முகவரிக்கு வரும் மெயிலை, சர்வர் அவர்களுடைய சொந்த முகவரிக்கு அனுப்பிவிடும். நல்ல கடிதம் ஒன்று, குப்பை மெயிலைத் தடுக்கும் வடிகட்டியில் சிக்கியதால் அவர்களில் ஒரு பெரியவர் கண் கலங்கினார். மனம் கேட்காமல் அவர்களுக்கு மட்டும் வடிகட்டியை எடுத்துவிட்டாள். குப்பையும் சேர்ந்து போயிற்று. சொந்த முகவரி இருக்கும் பக்கம் வாங்க மறுத்ததும், அனுப்பியவர் என்று குப்பைக்காரன் போட்டிருந்த திருட்டுப் பெயருக்கே சர்வர் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பியது.

பெயரைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், காலையில் போன் செய்தார்.

“மூணு நாள்ல ஆறாயிரம் மெயில் திரும்பி வந்திருக்கும்மா. வாழ்நாள்லயே நான் அறுபது எழுதியிருந்தா அதிகம்!”

“தப்பு எங்களோடதுதான் ஐயா.”

“பெட்டி நிறைஞ்சிடுச்சு. மகளுக்குக் கப்பல்ல வேலை. இன்னிக்குத் துறைமுகத்துல நிக்கிறா, சாயங்காலம் கிளம்பிடுவா. அவ மெயில் இன்னிக்கு வராட்டி இன்னும் ஒரு மாசம் காத்திருக்கணும். உங்க மேல புகார் போடச் சொன்னான் மச்சான். போட்டா உங்க மெயிலை யாரும் வாங்க மாட்டாங்களாமே? பேசிப் பாப்போம்னுதான்...”

 அவள் போனில் கூடவே இருந்து, திரும்பி வந்த எல்லாவற்றையும் அழிக்க வைத்தாள். பிறகு வடிகட்டியை மறுபடி போட்டாள். குப்பையைக் கொண்டுவருபவன் வாசலில் நிற்கும்போதே சர்வர் வேண்டாம் என்று சொல்லிவிடும். மீறி உள்ளே வந்து, அந்தப் பக்கம் மறுக்கப்பட்டது எதுவும் இனி வெளியே திரும்பாது.

“பெரியவங்க சண்டைக்கு வருவாங்களே, தபாலம்மா?” என்றார் மேலாளர்.

“சந்தேகமானதைத் தனியா வச்சு, தினமும் நானே பாத்து அனுப்புறேன் சார்.”

“வேலை இல்லைன்னு என்கிட்ட சொன்னீங்களா என்ன!”

மூன்று மணிக்குக் கடிகாரக்காரர் அழைத்தார். “வந்துடுச்சும்மா! ‘சாப்டீங்களா அப்பா’ன்னு கேக்குறா. கடலுக்குக் கிளம்புறவ!”

புகார் போடாமல் பேசிப் பார்த்த அவருக்குத் திருப்பிச் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை. அறையில் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவரைப் போலவே பெயரைப் பறிகொடுத்த இன்னும் முப்பத்தோரு பேருக்கு, வடிகட்டி போடும் முன்பே கிளம்பிய நானூறு திரும்பல்கள், நல்ல கடிதங்களோடு கலந்து சர்வரின் வரிசையில் காத்திருந்தன. விட்டுவிட்டால் கேட்பார் யாருமில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்லதில் கை படாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கத் தொடங்கினாள்.