பக்கெட்டுக்கு ஒரு மூடி

ஒருவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தால் போதும் என்பது சோபாக்காரம்மாவின் கட்சி. பதினாறு வருஷமாக அலுவலகம் அலுவலகமாகப் போய் சோபாவும் மெத்தை நாற்காலியும் சுத்தம் செய்கிறவள் ஆயிற்றே. தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெய் வட்டம் இருந்தால் ஆள் தூங்குமூஞ்சி. இடுக்கில் பிஸ்கட் தூள் கிடந்தால் ஒளித்துத் தின்கிறவன். கைப்பிடித் துணி பிய்ந்திருந்தால் முன்கோபி.

ஆகவே ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று மகள் சொன்னபோது அம்மா படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. எந்த ஆபீஸ் என்றுதான் கேட்டாள். வருகிற சனிக்கிழமை அவள் சுத்தம் செய்யப் போகிற ஆபீஸ்தான் அது.

"மூணாவது வரிசை, ஜன்னலோரமா? சரி. அவன் சேரப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

மகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

வெளியே சொல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் கணவர் தங்கமான மனிதர்தான். ஆனால் பால் பொங்கி வழிந்தாலும் பஸ் தவறினாலும் முதல் காரியமாக அவள் பக்கம் விரலை நீட்டிவிடுவார். இருபத்தைந்து வருஷமாக அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மகளுக்கும் அப்படி ஒரு விரல் வாய்த்துவிடக் கூடாது. அதை மட்டும் எந்த நாற்காலி காட்டிக்கொடுக்கும்?

சனிக்கிழமை காலை சாவியோடு வந்து கதவைத் திறந்தவன் அந்தப் பையனேதான். கூட வந்த அவள் தம்பி, தூசி உறிஞ்சும் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான் பாரு" என்று காதைக் கடித்தான்.

"நீ மெஷினப் போடுடா."

தூசி எடுத்தானதும் பக்கெட்டில் தண்ணீர். அதில் அவள் வீட்டிலேயே காய்ச்சிய எலுமிச்சை வாசச் சோப்புக் கரைசல் ஒரே ஒரு மூடி. நுரையை மட்டும் அள்ளித் துணியைத் துடைக்க வேண்டும். உள்மெத்தை நனையவே கூடாது. பாட்டில் பாதியாகக் குறைந்திருந்தது ஏன் என்று அன்று காலைதான் அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசைக்கு வந்தாள். எண்ணெய் இல்லை, தூள் இல்லை, ஒரு தலைமுடிகூட இல்லை.

"மனுஷன் உக்கார்ற சேராடா இது?" என்றபடி சந்தேகத்தோடு உட்கார்ந்து பார்த்தாள்.

சளக்! மேலே காய்ந்திருந்த மெத்தை உள்ளே குடித்து வைத்திருந்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டது. நுரை வேறு. கூடவே எலுமிச்சை வாசம், அவள் வீட்டு வாசம். பாட்டில் குறைந்த கதை விளங்கிவிட்டது.

தம்பி மெஷினை அணைத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சத்தத்தில் சிரித்தால் வீணாகிவிடும் என்று நினைத்திருப்பான்.

பையன் ஓடி வந்தான்.

"ஏம்ப்பா, இதக் கழுவுனது யாரு?"

"நான்தான் அத்தை... ஆன்ட்டி."

"இந்த லிக்விட் எங்க கெடச்சுது?"

"கடையில."

"எந்தக் கடையில?"

"அது... அந்தக் கடைய மூடிட்டாங்க ஆன்ட்டி."

"யாராவது குடுத்துக் கழுவச் சொன்னாங்களா?"

அவனுக்கு வேர்த்து ஊற்றியது. "யாருக்கும் எதுவும் தெரியாது ஆன்ட்டி. எல்லாம் நானாத்தான் செஞ்சேன். தப்பு என்மேலதான்."

ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லை. ஆனாலும் ஆசாமி விரலை நீட்டவில்லை. கோபம் வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மற்ற இடம் ஏற்கெனவே குளிர்ந்துதான் இருந்தது.

"நின்னுக்கிட்டே இருந்தா காயுமா? அந்தக் காஞ்ச துணிய எடுத்து அழுத்திப் பிடி" என்று அவனை வேலைக்கு விட்டபோது போன் அடித்தது. மகள்தான்.

"என்னம்மா, சேர் எப்படி இருந்துச்சு?"

அம்மா ஜன்னல் பக்கம் தள்ளிப் போனாள். "ஏண்டி, பாட்டில்ல பாதிய ஊத்திக் குடுத்தியே, பக்கெட்டுக்கு ஒரு மூடிதான்னு சொல்லக் கூடாதா?"

மகள் குரலை இறக்கி, "அவரு சொல்லிட்டாராம்மா?"

"அவனா? உன் பேர எடுக்கவே இல்ல. அதனாலதான் சரிங்கறேன்" என்றாள் அம்மா. "கல்யாணத்துக்கு அப்புறம் சோபாவ மட்டும் அவன் கையில குடுத்துடாத."