சண்டை போடக்கூடாத வீடு

மருத்துவமனையிலிருந்து தம்பி வீடு திரும்பிய அன்றே அம்மா இரண்டு கட்டளைகள் போட்டாள். செருப்பெல்லாம் வாசலுக்கு வெளியே. அக்காவும் தம்பியும் சண்டை போடக்கூடாது. முதலாவது டாக்டர் சொன்னது. இரண்டாவது அம்மாவின் சொந்த மூளையில் உதித்தது.

ஆனால் அதற்கும் விதை போட்டவர் டாக்டர்தான். தம்பியின் எலும்பு மஜ்ஜை ரத்தப் புற்றுநோயில் கெட்டுப்போய், அக்காவின் மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். இனி அவன் உடம்பில் ஊறப்போவது அக்காவின் ரத்தம். அந்தப் புது அணுக்களுக்கு இவன் உடம்பு அந்நிய வீடு மாதிரித் தெரியலாம். தோலோடும் குடலோடும் ஈரலோடும் சண்டைக்குப் போகலாம். முற்றவிட்டால், காப்பாற்றிய அதே மஜ்ஜை ஆளையே சாய்த்துவிடும். தோல் சிவந்தாலும் வாய் புண்ணானாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

"அக்கா தம்பி சண்டை எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல டாக்டர்," என்றார் அப்பா. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எவ்வளவு நெரிசலிலும் ஒரு சிரிப்புக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிடுவார். டாக்டர்கூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவின் கணக்கு எளிமையானது. அவனுக்குள் இருப்பது அக்காவின் ரத்தம். இவள் கோபப்பட்டால் அதற்கும் கோபம் வராதா? அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஃபிரேமில் உட்காராது என்று தெரிந்த கை. இது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் வாடிக்கையாளர் ஒருவர் கவுண்டரில் நின்று கத்தியபோது, வாய் வரை வந்ததை அப்படியே விழுங்கினாள். தான் இங்கே கொதித்தால் அங்கே, வீட்டில் திரை போட்ட அறையில், அவனுக்குள் ஏதோ நிமிர்ந்து பார்க்கும் என்று தோன்றியது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஊரில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ திரிவதைப் போல இருந்தது அது. அவர்கள் என்ன செய்துவைப்பார்களோ, பழி இவளுக்கு.

வீடு மருத்துவமனையின் சின்னத் தங்கையாகிவிட்டது. அவனுக்குத் தனித் தட்டு, தனித் துண்டு. தண்ணீர் கொதித்து ஆற வேண்டும். பழமென்றால் தடித்த தோலை உரித்துத் தின்பவை மட்டும். பூந்தொட்டி மண்ணில் பூஞ்சை இருக்கும் என்று தொட்டிகளெல்லாம் மாடி வீட்டுக்குக் குடிபோயின. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருந்தவன், இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போவதையே பெரிய பயணமாக வைத்திருந்தான்.

சண்டைக்குத் தடை வந்ததும் முதலில் அவன் அதைக் கேலியாக்கினான். "வாங்க அக்கா, உக்காருங்க அக்கா, டிவி ரிமோட் வேணுங்களா அக்கா?" அவளும் விடாமல், "இருக்கட்டும் தம்பி, நீங்க பாருங்க," என்பாள். அப்பா அதைப் பார்த்து, சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். போகப்போகக் கேலி உதிர்ந்துவிட்டது. மரியாதை மட்டும் மிஞ்சியது. சோப்புக்கும் ஜன்னலோரத்துக்கும் கடைசித் துண்டு ரொட்டிக்கும் அடித்துக்கொண்டவர்கள், ஒரே கூடத்தில் இரண்டு விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு விடுமுறை நாள். அம்மா அவனுக்கு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் கைக்குட்டையைச் சுற்றி விரல் நுனியால் தூக்கினான். டீ ஒன்றும் அவ்வளவு சூடில்லை. அக்கா தன்னுடையதை ஏற்கெனவே குடித்து முடித்திருந்தாள். வெயில் காலத்தில் எதற்கு முழுக்கைச் சட்டை, எதற்குக் காலுறை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா உள்ளே போகும் வரை காத்திருந்து கேட்டாள். "கையில என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க டிவி பாருங்க."

பழைய தம்பியாக இருந்தால், உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றிருப்பான். இந்தப் பணிவை அவள் நம்பவில்லை. எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி இருந்தது. காதின் பின்புறமும் அதே நிறம்.

"எப்போலேர்ந்து?"

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், பலமில்லை.

"எப்போலேர்ந்துன்னு கேக்கறேன்ல?"

"கொஞ்ச நாளா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ குடுத்தது என்னைக் கடிக்குதுன்னு தெரிஞ்சா, அம்மா உன்னை ஒரு மாதிரி பாப்பாங்க. நீயும் சோறு தண்ணி இல்லாம கெடப்ப. அதுவா அடங்கிடும்னு நெனச்சேன்."

அவளுக்குள் இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது. "அறிவுகெட்ட முண்டம். எனக்குப் பாவம் பாக்கறதுக்கா உனக்கு எலும்புலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்? நீ செத்துப்போனா நான் நல்லா சாப்பிடுவேன்னு எவன்டா சொன்னான் உனக்கு?"

"கத்தாதடி. அம்மா வராங்க."

"வரட்டும். பாக்கட்டும்."

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். வாயெடுக்கும் முன் அந்த உள்ளங்கை கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு யாரையும் அடக்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா வண்டி பிடிக்கப் போனார். வழி முழுக்க அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். தம்பியும் முகக்கவசத்துக்குள்ளிருந்து பதிலுக்குப் பதில் கொடுத்தான். வண்டிக்காரர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

டாக்டர் கையையும் பாதத்தையும் வாயையும் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சண்டை இப்போதைக்குத் தோலோடு நிற்கிறது என்றார். களிம்பு, மாத்திரை, அடிக்கடி வந்து காட்ட வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இங்கேயே கட்டிலில் படுக்கவைத்திருப்பேன் என்று அவனிடம் கண்டிப்பாகவே சொன்னார்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். வீட்டில் எல்லோரும் அமைதியாகத்தானே இருந்தோம், பின் ஏன் வந்தது?

டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். வீட்டுச் சத்தத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. "இன்னொண்ணும் சொல்றேம்மா. கொஞ்சம் சண்டை இருந்தா நாங்க ரொம்பப் பயப்பட மாட்டோம். பழைய நோய் எங்கயாவது ஒளிஞ்சிருந்தா, அதைத் தேடிப் பிடிக்கறதும் இதே அணுக்கள்தான். கைமீறக் கூடாது, அவ்வளவுதான். அதுக்கு ஒளிக்காம காட்டணும்."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தான் கொடுத்தது காவலா, களவா என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை இரண்டுமாகவே இருந்து, அவன் கிழவனாகும் வரை அவனுக்குள் அப்படியே சுற்றிக்கொண்டிருக்குமோ என்னவோ.

அன்றிலிருந்து கடைக்குக் கிளம்பும் முன் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். லென்ஸில் கீறல் தேடுகிற கண்ணால் உள்ளங்கை, காது மடல், கால் விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். களிம்பு வேலை செய்தது. சிவப்பு மெல்ல வெளிறி, தோல் உரிந்தது. ஒரு காலையில் அவன் முரண்டு பிடித்தான்.

"தினமும் இதே ரோதனையா? நான் என்ன உன் கடைச் சரக்கா?"

"வாயைத் தெற."

"முடியாது போடி."

"தெறக்கறியா, நான் தெறக்கவா?"

"வந்து பாரு, கடிச்சு வெப்பேன்."

சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் குரல் ஏறுவது காதில் விழுந்ததும் அவள் தோள் ஒருகணம் இறுகியது. பிறகு குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்று ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. கை சொட்டச் சொட்ட அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.